வீட்டுக்குள் மறைக்கப்படும் நோய்: வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

தாய், தந்தையரில் ஒருவருக்கு மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்து வந்துவிட்ட குடும்பங்களிலிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் அப்பா சில மாதங்கள் படுக்கையை விட்டு எழுவதே இல்லை, குளிப்பதில்லை, யாருடனும் பேசுவதில்லை. பிறகு திடீரென்று வேறு ஆளாக மாறிவிடுவார். இரவெல்லாம் விழித்திருப்பார், புதிய தொழில் தொடங்கப்போவதாகச் சொல்லிக் கண்டவர்களிடமெல்லாம் கடன் வாங்குவார், எதிர்த்துக் கேட்டால் கை ஓங்குவார். இரண்டு நிலையிலும் குடிக்கிறார். நோயினால் குடிக்கிறாரா, குடித்ததால் நோய் வந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உறவினர்கள் இரண்டையுமே திமிர் என்கிறார்கள். அவர் வேலையில் இருந்தவரை அம்மா பொய்க் காரணம் சொல்லி விடுப்பு வாங்கிக் கொடுத்தார். வேலை போனபிறகு கடன்காரர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் சம்பளம் முழுவதும் அந்தக் கடன்களுக்கே போகிறது. வெளியூரில் எனக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. நான் போய்விட்டால் அம்மாவும் பள்ளியில் படிக்கும் தம்பியும் என்ன ஆவார்கள்? (வாசகி, வயது 25)

பதில்: நேரில் பார்க்காமல் ஒருவருடைய நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையன்று. ஆயினும், உறக்கமின்மையும் களைப்பறியாத வேகமும் கட்டுக்கடங்காத செலவும் சீற்றமும் ஒரு காலகட்டத்திலும், எழுந்து முகம் கழுவக்கூட இயலாத சோர்வு மற்றொரு காலகட்டத்திலும் மாறி மாறி வருவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் எந்த மனநல மருத்துவரும் முதலில் இருமுனை மனநோயைத்தான், பைபோலார் என்று பரவலாகச் சொல்லப்படுவதைத்தான், நினைப்பார். இந்நோயும் குடியும் சேர்ந்தே காணப்படுவது மிகவும் சாதாரணம். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1990-இல் வெளியான ஒரு பெரிய மக்கள் ஆய்வில், தீவிர வகை இருமுனை மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோயும் இருந்தது தெரியவந்தது. உறக்கம் வராதவர் உறங்குவதற்காகக் குடிக்கிறார். மனம் பறக்கும் காலத்தில் தனக்கு எதுவும் ஆகாது என்ற துணிச்சலில் குடிக்கிறார். குடியோ உறக்கத்தைக் குலைத்து அடுத்த சுற்றை விரைவுபடுத்துகிறது.

எது முதலில் வந்தது என்ற உங்கள் கேள்வி வீண் கேள்வியல்ல, ஏனெனில் சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவருக்குக் குடியாலேயே கடும் மனச்சோர்வு வரலாம். அப்படி வந்தது குடியை நிறுத்திய மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தணியும். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, குடிப்பழக்கம் தொடங்குவதற்கு முன்பே அல்லது குடிக்காமல் இருந்த காலங்களிலும் இதே ஏற்ற இறக்கங்கள் வந்திருந்தாலோ, அது தனி நோய். இதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்களும் உங்கள் அம்மாவும்தான். ஆகவே இருவரும் அமர்ந்து, எந்த வயதில் முதன்முதலாக இந்த மாற்றத்தைக் கண்டீர்கள், அப்போது எவ்வளவு குடித்துக்கொண்டிருந்தார், எத்தனை இரவுகள் உறங்காமல் இருந்தார், அவருடைய பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களில் யாருக்கேனும் இத்தகைய நோயோ தற்கொலை முயற்சியோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் காலவரிசைப்படி எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சோர்வுக் காலத்தில்தான் மருத்துவரிடம் வருவார்கள். எழுச்சிக் காலத்தில் தமக்கு நோய் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. சோர்வை மட்டும் கேட்டுக்கொண்ட மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தால், சிலருக்கு அது எழுச்சியைத் தூண்டிவிடும். நீங்கள் எழுதிச் செல்லும் அந்த ஒற்றைத் தாள் இந்தப் பிழையைத் தடுக்கும். நோயாளி சொன்னதை உங்களிடம் வெளியிட மருத்துவருக்குத் தடை இருக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், பிறகு மனநோயைப் பார்ப்போம் என்று ஓரிடத்திலும், மனநோயைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், பிறகு குடியைப் பார்ப்போம் என்று மற்றோரிடத்திலும் அலைக்கழிக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், இயன்றால் ஒரே குழுவினரிடம் சிகிச்சை பெறுவதே நல்லது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பயன்படுத்திக் காட்டிய லித்தியம் இன்றும் இருமுனை நோய்க்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்று. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் குடித்து வாந்தியெடுத்து உடலில் நீர் வற்றும்போது இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் அளவுக்கு உயரக்கூடும். குடிப்பதை மருத்துவரிடம் மறைத்தால் மருந்தே ஆபத்தாகலாம் என்பது இதனால்தான்.

இனி உங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருக்கும் பொய்களைப் பற்றி. அவரை நான் குறை கூற மாட்டேன். அந்தப் பொய்களால்தான் உங்கள் வீட்டில் பல மாதங்கள் சம்பளம் வந்திருக்கும். ஆனால் குடும்பத்தினர் மறைத்து மறைத்துச் சமாளிக்கும் ஒவ்வொரு முறையும், குடியின் விளைவு குடித்தவரை வந்தடையாமல் வீட்டின் மற்றவர்கள் மேல் விழுகிறது. மறைப்பதை நிறுத்துவது என்றால் ஏசுவது என்று பொருளல்ல. சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடன் பணியாற்றியவர்களும் லண்டனில் நடத்தி 1972-இல் வெளியிட்ட ஆய்வு, இடைவிடாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) நோயாளிகளுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று காட்டியது. மனச்சோர்விலும் இருமுனை நோயிலும் இதே போக்கு பின்னர் காணப்பட்டது. ஆகவே பொய்யும் வேண்டாம், ஏச்சும் வேண்டாம். அவருக்காக யாரிடமும் காரணம் சொல்வதையும், அவர் வாங்கிய புதுக் கடனை அடைப்பதையும் நிறுத்திவிடலாம்; சாப்பாடு போடுவதையும், மருத்துவரிடம் உடன் செல்வதையும், குடிக்காத நாளில் அருகில் அமர்ந்து பேசுவதையும் நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்கு வரச் சொல்லிக் கேட்பதற்கு உகந்த நேரம், போதை தெளிந்து, அதன் விளைவு அவருக்கே உறுத்திக்கொண்டிருக்கும் காலைப்பொழுது. இப்படிக் குடும்பத்தினரைப் பயிற்றுவிக்கும் ஒரு முறையை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று மறுத்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அம்முறையால் சிகிச்சைக்கு வந்ததாக 1999-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, எழுச்சிக் காலம் வந்தபின் தடுக்க முயல்வது பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். அவர் தெளிவாக இருக்கும் காலத்தில், 'இரண்டு இரவுகள் தொடர்ந்து உறங்காவிட்டால் வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவிடுவேன், மருத்துவரைப் பார்க்கச் சம்மதிப்பேன்' என்று அவர் கையாலேயே எழுதி வாங்கி, அதன் படியை மருத்துவரிடமும் கொடுத்துவையுங்கள். அவருடைய எந்தக் கடனுக்கும் நீங்கள் பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள் என்பதே என் கருத்து. உங்கள் சம்பளம் அப்பாவின் கடனுக்குப் போய்க்கொண்டிருக்கிறதே தவிர, அம்மாவுக்கோ தம்பிக்கோ அதனால் பாதுகாப்பு வந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இனி மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை வீட்டுச் செலவுக்கென்றும் தம்பியின் படிப்புக்கென்றும் அம்மாவின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கடன்காரர் யாருக்கும் நேரடியாக அனுப்பாதீர்கள். ஆனால் புறப்படுவதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. அப்பா கை ஓங்கும் இரவில் அம்மாவும் தம்பியும் எந்த வீட்டுக்குப் போவார்கள் என்பது அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்க வேண்டும். முக்கியமான சான்றிதழ்களும் கொஞ்சம் பணமும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உண்மையாகவே அடித்தால், நோயாளி என்ற காரணத்துக்காகக் காவல்துறையை அழைக்கத் தயங்கக் கூடாது. தம்பியிடம், அப்பாவுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில்தான், தான் படிக்காததால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று பிள்ளை தனக்குத் தானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: கணவர் பல ஆண்டுகளாகக் குடிக்கிறார், காதில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்றும் சொல்கிறார். மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். உணவில் அவருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரையைக் கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்று பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேறொருவர், நான்கு நாள் அறையில் பூட்டி வைத்தால் தானாகத் தெளிந்துவிடும் என்கிறார். எதைச் செய்யலாம்? (வாசகி, வயது 43)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

உங்களிடம் கொடுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம் ஆக இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1940-களில் கண்டறிந்து, 1951-இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதிக்கப்பட்ட பழைய மருந்து அது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளை மேற்கொண்டு சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். அதனால் மாத்திரை சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து துவண்டுபோவார். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரங்கள் வரைகூட இந்த விளைவு நீடிக்கக்கூடும். இன்ன மருந்து, குடித்தால் இன்னது நடக்கும் என்று நன்கறிந்து, தானே விரும்பி உட்கொள்பவருக்கு மட்டும் உரிய மருந்து இது. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் குடித்துவிடுவார். மேலும், காதில் குரல் கேட்பவருக்கு இம்மருந்து மனக்குழப்பத்தை மிகுதிப்படுத்தவும் கூடும். உண்மை வெளிப்படும் நாளில், தட்டில் நஞ்சு வைக்கிறாள் என்ற சந்தேகம் அவர் மனத்தில் நிலைத்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்; ஏற்கெனவே குரல் கேட்கும் ஒருவரிடம் அந்தச் சந்தேகத்தைப் பிறகு யாராலும் நீக்க இயலாது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற, இத்தகைய கடும் எதிர்விளைவை உண்டாக்காத மருந்துகளும் உண்டு. ஆனால் எதையும் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவரே தொடங்க வேண்டும்.

அறையில் பூட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டிலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் கடும் குழப்பநிலை சிலருக்கு ஏற்படும். இடம், நேரம் தெரியாமல், இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் கண்டு அலறுவார்கள். அந்த நான்கு நாள்களையே உங்களுக்கு யோசனை சொன்னவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்! முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், இம்முறை ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவமனையில் அமைதிப்படுத்தும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தும், தயமின் என்னும் வைட்டமினை ஊசிவழி செலுத்தியும் இதைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள். தயமின் பற்றாக்குறையைக் கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிலையாகப் பழுதடையக்கூடும்.

அவர் வர மறுத்தால், நீங்கள் மட்டும் முதலில் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். குடிநோயைப் பற்றிப் பேசாமல், அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றை, உறக்கமின்மையையோ வயிற்றெரிச்சலையோ கைநடுக்கத்தையோ, காரணமாக வைத்து அழைத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால் உள்ளே போனபின் மருத்துவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். குரல்கள் அவருக்குக் கட்டளையிடத் தொடங்கினாலோ, உங்கள் மேலோ பிள்ளைகள் மேலோ அவருக்குச் சந்தேகம் முற்றினாலோ, அவருடைய சம்மதத்துக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சையை நாடுங்கள்.

கேள்வி: அப்பா தினமும் 'செத்துப்போகிறேன்' என்கிறார். குடித்துவிட்டுச் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியா? (வாசகர், வயது 31)

பதில்: தவறு. மது தயக்கத்தை அழித்துவிடுவதால், குடித்திருக்கும்போது எழும் தற்கொலை எண்ணம் செயலாக மாறுவது எளிது. தெளிந்த பிறகு, "சாகவேண்டும் என்று உண்மையாகவே தோன்றுகிறதா, அதற்கு ஏதேனும் வழி யோசித்து வைத்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பூச்சிக்கொல்லி, மாத்திரைக் குவியல், கயிறு போன்றவற்றை இன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். வழி யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் அம்மா எப்போதும் அழுதுகொண்டே இருப்பார். நிறைய தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். பள்ளியிலிருந்து வந்ததும் மூச்சு விடுகிறாரா என்று முதலில் பார்ப்பேன். தங்கைக்கு நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன். ஒருநாள் கோபத்தில் எல்லா மாத்திரைகளையும் கழிவறையில் கொட்டிவிட்டேன். மறுநாள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நான்தான் காரணமா? (வாசகர், வயது 14)

பதில்: அன்புள்ள தம்பிக்கு, நீ காரணமில்லை. அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் கொட்டினாய். அந்த வகை மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு உடல் அதற்குப் பழகிப்போகும். திடீரென்று நின்றால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர்களே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்கள். இது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாத செய்தி. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இனிமேல் மாத்திரைகளை நீ கொட்டவும் வேண்டாம், எண்ணிப் பார்த்துக் காவல் காக்கவும் வேண்டாம். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பூட்டி வைத்து, நாள்தோறும் எடுத்துக் கொடுப்பது உன் அப்பாவின் வேலை. அம்மாவை எழுப்பியும் எழாமலிருந்தால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. அவர்கள் வருவதற்குள் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வை.

குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென 1957-இல் அலட்டீன் என்ற அதன் பிரிவும் தொடங்கப்பட்டன. அங்கே வருபவர்களுக்கு முதலில் சொல்லப்படும் மூன்று செய்திகள் உனக்கும் பொருந்தும்: இந்த நோயை நீ உண்டாக்கவில்லை, இதை உன்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. குணப்படுத்துவதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னதை நீ மீறலாம். ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நீ நம்பும் ஒரே ஒரு பெரியவரிடம், ஆசிரியராகவோ பெரியம்மாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம், முழுவதையும் சொல். முதல் ஆள் சரியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டாவது ஆளிடம் சொல். நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடி, ஓயாத சண்டை எனப் பல இன்னல்கள் ஒருசேரச் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல நிலையில் வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோராக இல்லாவிட்டாலும், அவர்கள்மேல் விடாத அக்கறை காட்டிய ஒரு பெரியவர் இருந்தது.

இந்தப் பதிலை உன் அப்பாவிடமும் காட்டு. அவருக்குச் சில வரிகள்: ஐயா, உங்கள் மகன் சமைப்பதையும் காவல் இருப்பதையும் பொறுப்பான பிள்ளை என்று பலர் பாராட்டியிருப்பார்கள். அந்தப் பாராட்டை நம்பாதீர்கள். அவன் பள்ளியில் அமர்ந்திருக்கும்போதும் அவன் மனம் வீட்டுக் கதவருகேதான் நிற்கும். சமையலுக்கு உதவியாள், உறவினர், நீங்களே என்று எந்த ஏற்பாடாக இருந்தாலும் சரி, அவனை அந்தப் பணியிலிருந்து விடுவியுங்கள்.

கேள்வி: என் அப்பா குடிநோயாளி, அவருக்கு மனச்சிதைவு நோயும் இருந்தது. எனக்கு விரைவில் திருமணம். எனக்கும், பிறக்கப்போகும் என் பிள்ளைகளுக்கும் இவை வருமா? (வாசகர், வயது 29)

பதில்: வரக்கூடிய வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம், வந்தே தீரும் என்பதில்லை. மனச்சிதைவு நோய் பொதுவாக நூறில் ஒருவருக்கு வருகிறதென்றால், பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வருகிறது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. மேலும் அது பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்கும் நோய் ஆதலால், ஆபத்து மிகுந்த காலத்தின் பெரும்பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பேரன் முறை என்பதால் வாய்ப்பு இன்னும் குறையும்.

குடியைப் பொறுத்தவரை கூடுதல் கவனம் தேவை. டென்மார்க்கில் பிறந்த சில வாரங்களிலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் 1973-இல் வெளியிட்ட முடிவின்படி, பெற்ற தந்தை அல்லது தாய் குடிநோயாளியாக இருந்தவர்கள், குடிக்காத வீட்டில் வளர்ந்தபோதும், மற்றவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அளவில் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். ஆயினும் அவர்களிலும் பெரும்பான்மையினர் குடிநோயாளிகள் ஆகவில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவனை நண்பர்கள் வியந்து பாராட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர் மார்க் ஷுக்கிட், குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இளவயதில் மதுவின் தாக்கம் யாருக்குக் குறைவாகத் தெரிந்ததோ அவர்களே பிற்காலத்தில் குடிநோய்க்கு அதிகம் ஆளானார்கள் என்று காட்டினார். 'போதும்' என்று சொல்லும் எச்சரிக்கை மணி அவர்களுக்குப் பிந்தி அடிக்கிறது. உங்களுக்கு என் பரிந்துரை வெளிப்படையானது: குடிக்கவே தொடங்காதீர்கள், கஞ்சாவைத் தொடாதீர்கள், மனச்சிதைவுக்கு உள்ளார்ந்த வாய்ப்புள்ளவர்களுக்கு அது நோயைக் கிளறிவிடும்.

மணக்கப்போகும் பெண்ணிடம் இதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் தாயார் எதிர்க்கலாம். ஆனால் பிறகு உங்கள் வீட்டில் எது நடந்தாலும் அதை இருவராகச் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டுமென்றால், அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் குடியை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. மனச்சோர்வுக்கு மருந்தும் சாப்பிடுகிறேன். குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் போகிறேன். ஆனால் என் மகள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அருகில் வந்து மோந்து பார்க்கிறாள். என் பையைத் துழாவுகிறாள். பணம் கேட்டால் மனைவி ஏன் என்று கேட்கிறாள். திருந்திய பிறகும் இப்படி நடத்துவது நியாயமா? (வாசகர், வயது 46)

பதில்: நீங்கள் குடியை நிறுத்தியிருப்பதும் சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு வருவதும் எளிய செயல்களல்ல; அதற்கு என் பாராட்டுகள். கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது: அப்பாவின் மூச்சு எப்படி மணக்கிறது என்பதை வைத்து, இன்றிரவு உறங்க முடியுமா, சண்டை வருமா என்று கணிப்பது. அந்தப் பாடத்தை மறக்க அவளுக்கும் காலம் வேண்டும். உங்களுக்குக் குடியை மறக்கத் தேவைப்படுவதைவிட அது நீளவும் கூடும். நீங்கள் முன்பும் பலமுறை நிறுத்தியிருப்பீர்கள், சத்தியம் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இம்முறை வேறு என்பது உங்களுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரிய வழியில்லை.

எனவே, அவள் மோந்து பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். பையைக் கேட்டால் நீங்களே திறந்து கொடுங்கள். 'இன்னுமா நம்பவில்லை' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. சிறிய வாக்குகளைக் கொடுத்து நிறைவேற்றுவது பெரிய சத்தியங்களைவிடப் பயன் தரும்: ஆறு மணிக்கு வருவேன் என்றால் ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். மனைவியிடம் பணக் கணக்கைச் சிறிது காலம் ஒப்படைத்துவிடுவது உங்களுக்கே பாதுகாப்பு.

மகளிடம் மன்னிப்புக் கேட்பதென்றால், பொதுவாக 'எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு' என்று கேட்காதீர்கள். அவளுடைய பள்ளி விழாவுக்குக் குடித்துவிட்டு வந்தது, அவளுக்கென்று சேர்த்த பணத்தை எடுத்தது என்று நிகழ்ந்தவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு அவள் கோபப்படலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோகவும் செய்யலாம். அதைக் கேட்டு உங்கள் மனம் மிகவும் சோர்ந்துபோனால், அந்தச் சோர்வை மகளிடம் கொண்டுபோகாமல், கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டியாக இருப்பவரிடமோ மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தேறிவருபவர்களும் இடையில் ஒருமுறை குடித்துவிடுவது அரிதன்று. மருந்தை நீங்களாக நிறுத்துவது, உறக்கம் கெடுவது, கூட்டங்களுக்குப் போகாமல் சாக்குச் சொல்வது ஆகியவை பெரும்பாலும் அதற்கு முன்னதாக வரும் அடையாளங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் மனைவி மருத்துவரை நேரடியாக அழைக்கலாம் என்று இப்போதே ஒப்புக்கொடுங்கள். மருத்துவரின் எண்ணை உங்கள் முன்னிலையிலேயே அவருடைய தொலைபேசியில் பதிந்துவையுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அன்றிரவு மகள் எங்கே தங்குவாள் என்பதையும் அவளையே கேட்டு முடிவு செய்யுங்கள்.